மெண்டோசா மால்பெக்: எல்லாம் தண்ணீர்க் கணக்கு

அர்ஜென்டினாவின் மெண்டோசா மாகாணத்தில் ஆண்டு முழுக்கப் பெய்யும் மழை ஏறத்தாழ 200 மில்லிமீட்டர். அதிலும் பெரும்பகுதி கோடையில்தான், பல சமயம் ஆலங்கட்டியோடு சேர்ந்து கொட்டும். ஆண்டஸ் மலையடிவாரத்திலுள்ள இந்தப் பாலை நிலத்தில்தான் சிவப்பு ஒயினுக்கான மால்பெக் திராட்சையில் உலகத்துப் பெரும்பகுதி விளைகிறது. பாட்டிலை எடுத்துப் பார்ப்பவர்கள் கருஊதா நிறம், ப்ளம் பழ வாசம், நாக்கில் மென்மை என்று மூன்றே குணத்தில் மால்பெக்கை முடித்துவிடுகிறார்கள். கொடி எத்தனை மீட்டர் உயரத்தில் நின்றது, எந்த வாரம் தண்ணீர் விட்டார்கள், எந்த வாரம் நிறுத்தினார்கள் என்று கேட்டுப் பார்த்தால் அந்த மூன்று குணமும் ஏன் பாட்டிலுக்குப் பாட்டில் மாறுகிறது என்பது புரியும்.

ரகம் பிறந்தது தென்மேற்கு பிரான்சில். மாக்தலேன் நுவார் தே ஷராந்த், ப்ரூனெலார் என்ற இரண்டு பழைய ரகங்களின் கலப்பு இது என்று மரபணுச் சோதனை காட்டியிருக்கிறது. மெர்லோ என்ற புகழ்பெற்ற சிவப்பு ரகத்தின் பெற்றோரிலும் மாக்தலேன் உண்டு. ஆக மால்பெக்கும் மெர்லோவும் ஒருவகையில் உடன்பிறப்புகள். பிரான்சிலேயே இதற்கு ஊருக்கொரு பெயர்: லுவார் பக்கம் 'கோ', காஓரில் 'ஓசெர்வா', போர்தோவின் வலது கரையில் 'ப்ரெசாக்'.

போர்தோவில் ஒரு காலத்தில் பரவலாக இருந்த கொடி அங்கிருந்து ஒதுங்கியதற்கு முதல் காரணம் பூ உதிர்வு. பூக்கும் நேரத்தில் குளிரும் மழையும் சேர்ந்தால் மகரந்தச் சேர்க்கை சரியாக நடக்காது. பிஞ்சு பிடிக்காமல் பூ கொட்டிவிடும், குலையில் அங்கொன்றும் இங்கொன்றுமாகத்தான் பழம் நிற்கும். இதை பிரெஞ்சுக்காரர்கள் 'கூலூர்' என்பார்கள். எல்லா ரகத்துக்கும் வருகிற தொல்லைதான், ஆனால் மால்பெக்குக்குக் கொஞ்சம் அதிகமாகவே வரும். கொடி மிதமிஞ்சிக் கொழுத்து வளர்ந்தாலும் இதே கதைதான்: உணவெல்லாம் தளிருக்குப் போய்விடும், பூவுக்குப் பற்றாது. இத்தோடு 1956 பிப்ரவரியில் வந்த கடும் உறைபனி கொடிகளைக் கூட்டம் கூட்டமாகக் கொன்றது. போர்தோவில் மறுநடவு செய்தவர்கள் பலர் மெர்லோவுக்குப் போனார்கள். காஓர்க்காரர்கள் மட்டும் மால்பெக்கை விடவில்லை. 1971-இல் காஓருக்கு ஏ.ஓ.சி. தகுதி, அதாவது ஊர்ப்பெயருக்கான சட்டப் பாதுகாப்பு, கிடைத்தது. அங்கே சிவப்பு ஒயினில் குறைந்தது 70 சதவீதம் மால்பெக் இருக்க வேண்டும், மீதிக்கு மெர்லோ அல்லது தன்னா ரகம் சேர்க்கலாம்.

அர்ஜென்டினாவுக்கு இந்தக் கொடி போனது அதற்கு நூறாண்டுக்கும் முன்பு. மெண்டோசாவில் ஒரு வேளாண் பண்ணையும் பள்ளியும் அமைக்கும் திட்டம் 1853 ஏப்ரல் 17 அன்று முன்வைக்கப்பட்டது. உலக மால்பெக் நாள் அந்தத் தேதியில் வருவது இதனால்தான். திட்டத்துக்குப் பின்னால் நின்றவர் பின்னாளில் நாட்டின் அதிபரான சார்மியெந்தோ. பிரான்சிலிருந்து கொடித் துண்டுகளோடு வந்து பண்ணையை நடத்தியவர் மிஷேல் பூஜே. பிரான்சில் ஃபைலோக்செரா என்ற வேர்ப்பூச்சி தோட்டங்களை அழிப்பதற்கு முன்பே புறப்பட்டுவிட்ட துண்டுகள் அவை. இன்று மெண்டோசாவின் பழைய தோட்டங்களில் காணும் மால்பெக்கின் குலை சிறியது, பழமும் சிறியது. பிரெஞ்சு நாற்றங்கால் ரகங்களில் பழம் பெரியதாகவும் குலை தளர்வாகவும் இருக்கும். பழம் சிறுத்தால் சாற்றுக்குத் தோல் அதிகம். நிறமும், டானின் எனும் துவர்ப்புப் பொருளில் பெரும்பங்கும் தோலிலிருந்துதான் வருகின்றன.

1885-இல் பியூனஸ் அய்ரஸிலிருந்து ரயில் வந்ததும் மெண்டோசாவுக்குப் பெரிய சந்தை கிடைத்தது. பின்னால் உள்நாட்டில் ஒயின் குடிப்பது சரிந்தபோது தோட்டங்களைப் பிடுங்கினார்கள். சுமார் 50,000 ஹெக்டேரில் இருந்த மால்பெக் 1990-களின் நடுவில் 10,000 ஹெக்டேர் அளவுக்குச் சுருங்கியது. இப்போது மறுபடி 45,000 ஹெக்டேர் பக்கம் வந்திருக்கிறது, அதில் ஏறத்தாழ 85 சதவீதம் மெண்டோசாவில். பிடுங்கியதில் எத்தனை நல்ல கிழட்டுக் கொடிகள் விறகாகப் போயின என்று நினைத்தால் வயிறு எரியும்.

தண்ணீர் எங்கிருந்து வருகிறது

ஆண்டஸ் பனி உருகி ஆறாகிறது: மெண்டோசா, துனுயான், தியாமந்தே, அத்துவெல். ஆற்றிலிருந்து வாய்க்கால், அதிலிருந்து கிளை வாய்க்கால், அங்கிருந்து தோட்டத்துக்குள் 'அசெக்கியா' எனப்படும் சிறு கால்வாய். இந்த ஏற்பாட்டின் வேர் ஸ்பானியர்களுக்கு முந்தையது. வார்ப்பே பழங்குடியினர் வெட்டிய கால்வாய்களிலிருந்து தொடங்குகிறது. 1884-ஆம் ஆண்டின் தண்ணீர்ச் சட்டப்படி நீர் உரிமை நிலத்தோடு ஒட்டியது. நிலத்தை வைத்துக்கொண்டு தண்ணீரை மட்டும் விற்க முடியாது. ஒவ்வொரு தோட்டத்துக்கும் முறை வைத்து மடை திறப்பார்கள். முறை இரவில் வந்தால் இரவில்தான் பாய்ச்ச வேண்டும்.

பாத்தியில் பாய்ச்சும் பழைய முறைக்கு ஒரு நன்மை உண்டு. குளிர்காலத்தில் நிலம் மூழ்க விட்டால் மண்ணில் தேங்கிய உப்பு கீழே இறங்கிவிடும். வேர்ப்பூச்சி இந்த ஊரில் இருந்தும் பிரான்சைப் போல ஊரையே காலி செய்யாததற்கு மணற்பாங்கான மண்ணையும் இந்த நீர்ப்பாய்ச்சலையும் காரணமாகச் சொல்வார்கள். அதனால்தான் பல தோட்டங்களில் இன்றும் ஒட்டுக்கட்டாத, சொந்த வேரில் நிற்கும் கொடிகள். செத்த கொடியின் இடத்தில் பக்கத்துக் கொடியின் கிளையை மண்ணுக்குள் வளைத்துப் பதியன் போட்டே வரிசையை நிரப்பிவிடுவார்கள். குறை என்னவென்றால் பாய்ச்சல் சீராக இருக்காது. மடைவாயில் நிற்கும் கொடி வயிறாரக் குடித்துக் கொழுக்கும், கடைக்கோடிக் கொடி காயும். இரண்டையும் ஒரே நாளில் பறித்து ஒரே தொட்டியில் கொட்டினால் பாதி பச்சை வாடை, பாதி காய்ந்த பழ வாடை. வரிசையின் தலையையும் வாலையும் தனித்தனியே பறிப்பதுதான் வழி.

மெண்டோசாவின் யூக்கோ பள்ளத்தாக்கிலுள்ள மேட்டு நிலங்களுக்குப் பெரும்பாலும் வாய்க்கால் உரிமை கிடையாது. ஆழ்துளைக் கிணறும் சொட்டுநீரும்தான். இங்கே கணக்கு எளிது. வரிசைக்கு வரிசை 2 மீட்டர், கொடிக்குக் கொடி 1 மீட்டர் என்றால் ஹெக்டேருக்கு 5,000 கொடி. கொடிக்கு ஒரு சொட்டுவாய், மணிக்கு 2 லிட்டர் என்று வைத்தால் மணிக்கு 10,000 லிட்டர், அதாவது சரியாக 1 மில்லிமீட்டர் மழைக்குச் சமம். ஜனவரி உச்சத்தில் ஆவியாதல் நாளைக்கு 7 மில்லிமீட்டர், கொடிக்குத் தேவை அதில் பாதி என்று கொண்டால் நாளைக்கு மூன்றரை மணி நேரம் ஓட்ட வேண்டும். நல்ல ஒயினுக்கு அந்த முழுத் தேவையைக் கொடுக்கக் கூடாது என்பதுதான் இதில் சூட்சுமம்.

பிஞ்சு பிடித்த நாளிலிருந்து பழம் நிறம் மாறும் வரை, சுமார் ஏழெட்டு வாரம், தேவையில் பாதி கொடுத்துக் கொடியைப் பட்டினி போடுவார்கள். இந்தக் கட்டத்தில் தண்ணீர் குறைந்தால் பழத்தின் செல்கள் பெருக்காது. பழம் சிறியதாகவே நின்றுவிடும். அளவு பார்க்க நடுப்பகலில் ஓர் இலையைப் பையில் மூடி வைத்து, பிறகு கொடியின் தாகத்தை அளக்கும் அழுத்தக் கலனில் சோதிப்பார்கள்; எண் எவ்வளவு கீழே போகிறதோ அவ்வளவு தாகம். மைனஸ் 1.0 முதல் மைனஸ் 1.2 மெகாபாஸ்கல் வரை இருந்தால் போதுமான பட்டினி. மைனஸ் 1.4-க்குக் கீழே போனால் கொடி இலைத்துளையை மூடிக்கொண்டு உணவு செய்வதையே நிறுத்திவிடும். கருவி இல்லாதவர் தளிர் நுனியைப் பார்த்தாலே போதும். நிறம் மாறும் சமயத்திலும் நுனி பச்சையாகச் சுருண்டு வளர்ந்துகொண்டிருந்தால் தண்ணீர் அதிகம். அடி இலைகள் ஜனவரியிலேயே மஞ்சளாகி உதிர்ந்தால் பட்டினி அதிகம்.

நிறம் மாறிய பிறகு பட்டினியைத் தளர்த்த வேண்டும். பலர் சறுக்குவது இங்கேதான். கடைசி வரை காய விட்டால் சர்க்கரை ஏறுவதுபோல் தெரியும். உண்மையில் பழம் தண்ணீர் இழந்து சுருங்குகிறது. பிரிக்ஸ் (சாற்றின் சர்க்கரை அளவு) 26 காட்டும், விதை இன்னும் பச்சையாக இருக்கும். அந்த ஒயினில் ஜாம் வாசமும் விதைக் கசப்பும் ஒன்றாக வரும். சொட்டுநீரில் இன்னொரு தொல்லை உப்பு. ஈரக்குமிழின் ஓரத்தில் உப்பு வளையமாகச் சேர்ந்துகொண்டே போகும், அலச மழையும் கிடையாது. குளிர்காலத்தில் ஓரிரு முறை நீண்ட நேரம் ஓட்டி அதைக் கீழே தள்ளாவிட்டால் சில ஆண்டுகளில் இலை ஓரம் கருகத் தொடங்கும்.

உயரம்

100 மீட்டர் ஏறினால் சராசரி வெப்பம் சுமார் 0.6 டிகிரி செல்சியஸ் குறையும். கிழக்கு மெண்டோசாவின் சான் மார்ட்டின், ரிவதாவியா பகுதிகள் 600–700 மீட்டர். யூக்கோவின் குவல்தயாரி 1,400 மீட்டரையும் தாண்டும். இடையே காரில் ஒன்றரை மணி நேரப் பயணத்துக்குள் ஐந்து டிகிரி வித்தியாசம். ஐரோப்பாவில் அந்த வித்தியாசத்துக்கு நாடு மாற வேண்டும்.

கிழக்கில் கொடிகளைப் பந்தலில் ஏற்றியிருப்பார்கள். ஹெக்டேருக்கு 20 டன், அதற்கு மேலும் விளையும். வெப்பத்தில் அமிலம் சீக்கிரம் கரையும். இங்கிருந்து வருவது மலிவான, மென்மையான, சப்பென்ற மால்பெக். நடுவில் லுஹான் தெ கூயோ: 900 முதல் 1,100 மீட்டர், விஸ்தால்பா, லாஸ் கொம்புவெர்த்தாஸ், அக்ரேலோ போன்ற ஊர்கள், பல இடங்களில் கிழட்டுக் கொடிகள். ப்ளம், சாக்லேட், வாயை நிறைக்கும் உருண்டையான சுவை. மால்பெக் என்றதும் பலர் மனதில் வருவது இதுதான். யூக்கோவுக்கு ஏறினால் வயலட் பூ வாசம் முன்னே வரும், அமிலம் கூர்மையாகும், டானின் சுண்ணாம்புத் தூள் போல நாக்கில் ஒட்டும். அல்தமிராவிலும் குவல்தயாரியிலும் ஆற்றுக் கற்களின் மேல் வெள்ளையாகச் சுண்ணாம்பு படிந்திருக்கும். மண் பத்தடிக்குப் பத்தடி மாறும். ஓரிடத்தில் இரண்டு மீட்டர் வண்டல், பக்கத்திலேயே 40 சென்டிமீட்டரில் கல். அதனால் நடுவதற்கு முன் ஒன்றரை, இரண்டு மீட்டர் ஆழத்துக்குக் குழி வெட்டிப் பார்த்து, மண்வாரியாகச் சொட்டுநீர் வால்வையும் அறுவடையையும் பிரிக்கிறார்கள். இந்தப் பிரிப்புதான் கடந்த இருபது ஆண்டுகளில் மெண்டோசா ஒயினை மாற்றியது, விலையுயர்ந்த பீப்பாய்கள் அல்ல என்பது என் கணிப்பு.

உயரத்தில் புற ஊதாக் கதிர் அதிகம். அதைத் தடுக்கக் கொடி தோலில் நிறப்பொருளைக் கூட்டிக்கொள்கிறது. இரவில் வெப்பம் 15, 20 டிகிரி இறங்குவதால் அமிலம் எரியாமல் நிற்கிறது. வடக்கே சால்தாவின் கஃபயாத்தே 1,700 மீட்டர்; கல்சகி பள்ளத்தாக்கில் 3,000 மீட்டருக்கு மேலும் மால்பெக் உண்டு. அங்கே தோல் தடித்து, ஒயினில் மிளகும் கருமையும் ஏறும். தெற்கே பத்தகோனியாவின் ரியோ நெக்ரோ சில நூறு மீட்டர் உயரம்தான், ஆனால் 39 டிகிரி தென் அட்சம் குளிரைத் தந்துவிடுகிறது. அங்கே தொல்லை காற்று. அதைத் தடுக்க பாப்லர் மர வேலி.

ஆண்டுச் சுற்றும் அதில் வரும் அடிகளும்

தென் அரைக்கோளம் என்பதால் மாதங்களை மாற்றிப் படிக்க வேண்டும். ஜூன் முதல் ஆகஸ்ட் வரை கவாத்து. குச்சிக்கு இரண்டு கண் விட்டு வெட்டினால் கொடிக்கு 16–20 தளிர். அதில் கொடிக்கு 2 கிலோ என்று நிறுத்தினால் ஹெக்டேருக்கு 10 டன். செப்டம்பர் கடைசியில் அரும்பு, நவம்பர் நடுவில் பூ, ஜனவரியில் நிறமாற்றம், மார்ச்சிலிருந்து ஏப்ரல் நடு வரை அறுவடை.

பிரான்சில் மழை கெடுத்த பூவை இங்கே கெடுப்பது 'சோண்டா'. ஆண்டஸிலிருந்து இறங்கும் இந்த வறண்ட சூட்டுக்காற்று குளிர்காலக் கடைசியிலிருந்து வசந்தம் வரை வீசும். பூவின்போது வந்தால் சூலகமுடி காய்ந்து பிஞ்சு பிடிக்காது. முன்கூட்டியே வந்தால் அரும்பை எழுப்பிவிட்டு, பின்னால் வரும் உறைபனிக்குக் காட்டிக்கொடுக்கும். 2022 அக்டோபர் கடைசி இரவில் விழுந்த உறைபனி 2023 அறுவடையைப் பல பத்தாண்டுகளில் இல்லாத அளவுக்குச் சுருக்கியது. தடுப்புக்கு எண்ணெய்க் கணப்பு, காற்றாடி, தெளிப்புநீர் என மூன்று வழி. தெளிப்புநீர் வேலை செய்வது தண்ணீர் உறையும்போது விடும் வெப்பத்தால். ஒரு கிராமுக்கு 80 கலோரி. ஆகவே தொடங்கினால் நடுவில் நிறுத்தக் கூடாது. விடிந்து பனிக்கட்டி தானாக உருகும் வரை ஓட்ட வேண்டும். பாதியில் பம்பு நின்றால் ஈரத் தளிர் ஆவியாதலால் இன்னும் குளிர்ந்து, தெளிக்காத தோட்டத்தைவிட மோசமாகக் கருகும்.

ஆலங்கட்டிக்கு வலைதான் மருந்து. வலை வெளிச்சத்தில் 10 முதல் 25 சதவீதம் வரை தின்னும், பழுப்பது சில நாள் தள்ளும். ஆனாலும் பத்து நிமிட ஆலங்கட்டியில் ஓராண்டுப் பயிர் போவதைப் பார்த்தவர் யாரும் வலைச் செலவுக்கு முணுமுணுப்பதில்லை. அடிபட்ட குச்சியில் அடுத்த ஆண்டுக்கான கண்ணும் செத்திருக்கும் என்பதால் நஷ்டம் இரண்டு பருவத்துக்கு நீளும். இலை கிள்ளும்போது வரிசையின் கிழக்குப் பக்கம் மட்டும் கிள்ள வேண்டும். மேற்கில் கிள்ளினால் பிற்பகல் வெயிலில் பழம் வெந்து, தோல் பழுப்பாகி, நிறம் தராது.

ஒயின் கூடத்துக்குள்

கையால் பறிப்பவர்கள் சுமார் 20 கிலோ பிடிக்கும் தகர டப்பாவை நிரப்பி லாரிக்கு ஓடுவார்கள். டப்பாவுக்கு ஒரு வில்லை, வில்லையைக் கொடுத்தால் கூலி. 24 பிரிக்ஸில் பறித்தால் 14 சதவீதத்துக்குச் சற்று மேல் ஆல்கஹால் வரும் (பிரிக்ஸை 0.59-ஆல் பெருக்கினால் ஏறத்தாழச் சரி). காம்பு நீக்கி, கெடாமல் காக்கக் கிலோவுக்கு 30–50 மில்லிகிராம் சல்ஃபர் டை ஆக்சைடு சேர்த்து, 8–10 டிகிரியில் மூன்று முதல் ஐந்து நாள் தோலோடு ஊற வைப்பார்கள். மால்பெக் நிறத்தைத் தாராளமாக விடும் என்பதால் இதை நீட்ட வேண்டியதில்லை.

நொதித்தல் 24–28 டிகிரியில். முதல் நாள்களில் சாற்றை அடியிலிருந்து எடுத்து மேலே மிதக்கும் தோல் அடுக்கின் மீது நாளைக்கு இரண்டு மூன்று முறை ஊற்றுவார்கள். சர்க்கரை பாதி கரைந்ததும் ஒரு முறையாகக் குறைக்க வேண்டும். ஆல்கஹால் ஏறிய பிறகு கலக்கினால் விதையின் கசப்புதான் இறங்கும். சாற்றில் நைட்ரஜன் குறைவாக இருந்தால் ஈஸ்ட் திணறி அழுகிய முட்டை வாடை விடும். லிட்டருக்கு 150 மில்லிகிராமுக்குக் கீழே இருந்தால் தொடக்கத்திலும் மூன்றில் ஒரு பங்கு முடிந்ததும் ஈஸ்ட் உணவு கொடுத்துவிடுவது நல்லது.

இந்த ஊர் ஒயினில் கவனிக்க வேண்டிய எண் பி.எச்.; அது ஏற ஏறப் புளிப்பு குறையும். வெப்பமான இடத்தில் பழம் பொட்டாசியத்தை ஏற்றிக்கொள்வதால் பி.எச். 3.8-ஐ எட்டிவிடும். லிட்டருக்கு 1 கிராம் டார்டாரிக் அமிலம் அதைச் சுமார் 0.1 இறக்கும். இதை நொதிக்கும் முன் சேர்த்தால் ஒயினோடு கலந்துவிடும். கடைசியில் சேர்த்தால் நாக்கில் தனியாகத் துருத்தும். இறக்காமல் விட்டால் என்ன? பி.எச். 3.5-இல் ஒயினைக் காக்க லிட்டருக்கு 25 மில்லிகிராம் கட்டற்ற சல்ஃபர் டை ஆக்சைடு போதும் என்றால், 3.8-இல் அதே காவலுக்கு 50 தேவை. அந்த அளவை மறந்தவர் பீப்பாயில்தான் பிரெட்டனோமைசிஸ் என்ற கெடுக்கும் ஈஸ்ட் புகுந்து குதிரை லாய வாடை கொடுக்கும்.

கூர்மையான மாலிக் அமிலம் மென்மையான லாக்டிக் அமிலமாக மாறி முடிந்ததும் 225 லிட்டர் ஓக் பீப்பாய் அல்லது சிமென்ட் தொட்டி. 2000-களில் புது ஓக்கில் ஊறப்போட்டு எல்லா ஊர் மால்பெக்கையும் ஒரே வெனிலா ஆக்கினார்கள். இப்போது 500 லிட்டர் பழைய பீப்பாயும் சிமென்டும் திரும்பி வந்திருப்பதால் அல்தமிராவுக்கும் அக்ரேலோவுக்கும் வித்தியாசம் தெரிகிறது.

லேபிளில் மால்பெக் என்று மட்டும் போட்டிருந்தால் அர்ஜென்டினச் சட்டப்படி 85 சதவீதமாவது அது இருக்க வேண்டும். 'ரெசெர்வா' சிவப்பு 12 மாதமாவது வைத்தது, 'கிரான் ரெசெர்வா' 24 மாதம். இவை காலத்தைத்தான் சொல்கின்றன, தோட்டத்தைச் சொல்வதில்லை. ஊர்ப்பெயர் இல்லாமல் 'மெண்டோசா' என்று மட்டும் இருந்தால் மாகாணத்தின் எந்த மூலையிலிருந்தும் கலந்திருக்கலாம். பின்னால் ஆல்கஹால் எண்ணைப் பாருங்கள்: 13.5 என்றால் முன்கூட்டிப் பறித்தது அல்லது குளிர்ந்த இடம், 15 என்றால் நன்றாகப் பழுக்க விட்டது. ஆண்டும் பேசும், 2016 மழையும் குளிருமான ஆண்டு, 2020 சூடாகி அறுவடை முந்திய ஆண்டு.

16–18 டிகிரியில் ஊற்றலாம். அறை வெப்பம் அதற்கு மேல் என்றால் ஊற்றுவதற்கு அரை மணி நேரம் முன் குளிர்ப்பெட்டியில் வையுங்கள். சூடான மால்பெக்கில் ஆல்கஹால்தான் முதலில் மூக்கில் ஏறும். காஓர்ப் பாட்டிலை ஒரு மணி நேரம் குடுவையில் காற்றாட விடலாம், சாதாரண மெண்டோசாவுக்கு அது வேண்டாம். மீந்ததை மூடிக் குளிரில் வைத்தால் இரண்டு மூன்று நாள் தாங்கும். பி.எச். உயர்ந்த கிழக்கு மெண்டோசா பாட்டில் இரண்டாம் நாளே பழ வாசத்தை விட்டுவிடும், யூக்கோ பாட்டிலில் பல சமயம் அன்றைக்குத்தான் வாசம் திறந்துகொள்ளும்.